ஆராதனையில் கடவுளின் பிரசன்னம்: தேடுவது என்றால் என்ன?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் நடுவே நின்றால், "இன்றைக்குப் பிரசன்னம் பலமாக இருந்தது" என்றோ, "போன வாரம் பிரசன்னமே இல்லை" என்றோ ஒரு பேச்சு காதில் விழும். கத்தோலிக்கர் நற்கருணைப் பேழையை, அதாவது திருப்பலியின் அப்பத்தை வைத்திருக்கும் பெட்டியை, கண்டு முழங்காலிடும்போதும், பெந்தெகொஸ்தே சபையார் கைகளை உயர்த்திப் பாடும்போதும், தென்னிந்தியத் திருச்சபையார் அமைதியாகத் தலைகுனிந்து பாவ அறிக்கை சொல்லும்போதும் இந்தப் பிரசன்னத்தையே, அதாவது கடவுள் தங்களோடு இருப்பதையே, நாடுகிறார்கள். ஆனால் எதை நாடுகிறோம் என்று கேட்டால், பலருக்கும் தெளிவான பதில் இல்லை. இந்தத் தெளிவின்மை சிறிய விஷயமாகத் தோன்றலாம். கண்ணில் நீர் வராமல் வீடு திரும்பும் ஒருவர் கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்று நம்பத் தொடங்கும்போதும், பிரசன்னத்தை வரவழைப்பது தம் பொறுப்பு என்று பாடகர் குழு எண்ணத் தொடங்கும்போதும், அது உண்மையான தீங்காக மாறுகிறது. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து விளக்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

வீட்டில் இருப்பதும் முன்னால் அமர்வதும்

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்வோம். முகப்பு, அதைக் கடந்தால் வளவு, அதன் பின் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுக்களை. ஆச்சி இரண்டாங்கட்டில் இருக்கிறார். முகப்பில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் பேரனிடம் "ஆச்சி வீட்டில் இருக்கிறார்களா?" என்று யாராவது கேட்டால், "இருக்கிறார்கள்" என்பான். அது முழு உண்மை. காலையிலிருந்து அவன் ஆச்சியுடன் ஒரு வார்த்தை பேசவில்லை என்றாலும் உண்மை. பிறகு அவன் எழுந்து உள்ளே போய் ஆச்சியின் எதிரில் அமர்கிறான். ஆச்சி "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார். இப்போது ஆச்சி இடம் மாறவில்லை. ஆனாலும் காலையில் இல்லாத ஒன்று நடந்திருக்கிறது. மூன்றாவதாக, அவர் எதிரில் அமரும்போது அவன் மனத்தில் எழும் மகிழ்ச்சி. அது சில நாள் பொங்கும். களைப்பிலோ மனத்தாங்கலிலோ சில நாள் எழவே எழாது. எழாத நாளில் ஆச்சி வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று அவன் முடிவு கட்டுவதில்லை.

கிறிஸ்தவ மரபு கடவுளைப் பற்றிப் பேசும்போதும் இம்மூன்றையும் பிரித்தே பேசுகிறது. முதலாவது, எங்கும் நிறைந்திருத்தல்: கடவுள் இல்லாத இடம் ஒன்றும் இல்லை என்ற உண்மை. "உம்முடைய ஆவிக்கு மறைவாக எங்கே போவேன்? உம்முடைய சமுகத்தைவிட்டு எங்கே ஓடுவேன்?" என்று 139-ஆம் சங்கீதம் கேட்பது இதைத்தான். இரண்டாவது, வாக்களிக்கப்பட்ட பிரசன்னம்: இங்கே உங்களைச் சந்திப்பேன் என்று கடவுளே சொன்ன இடத்தில், சொன்ன விதத்தில் நடக்கும் சந்திப்பு. இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடுமிடத்தில் அவர்கள் நடுவே இருப்பதாக இயேசு சொன்னது (மத்தேயு 18:20) அத்தகைய வாக்கு. மூன்றாவது, உணரப்படும் பிரசன்னம்: அந்தச் சந்திப்பு நம் உள்ளத்திலும் உடலிலும் எழுப்பும் உணர்வு.

வீட்டின் உதாரணம் ஓரிடத்தில் போதாமல் போகும். ஆச்சி பேரன் வரும்வரை காத்திருக்கிறார். விவிலியத்தின் கடவுளோ முதலில் தாமே எழுந்து வருகிறார். ஏதேன் தோட்டத்தில் மறைந்துகொண்டது மனிதன், "நீ எங்கே இருக்கிறாய்?" என்று தேடியவர் கடவுள். நாம் தேடுவதாக நினைப்பது, பெரும்பாலும் நம்மைத் தேடி வந்தவருக்கு நாம் சொல்லும் பதில்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். கடவுள் இருப்பது ஒன்று, அவர் வாக்களித்தபடி சந்திப்பது ஒன்று, அதை நாம் உணர்வது மற்றொன்று. "பிரசன்னம் இல்லை" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மூன்றாவதைத்தான் குறிக்கிறோம். ஆனால் முதலிரண்டும் இல்லாமற்போனது போலப் பேசிவிடுகிறோம்.

கூடாரத்திலிருந்து கிழிந்த திரை வரை

இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வந்து பாலைநிலத்தில் அலைந்தபோது, அவர்கள் நடுவே வாசம்பண்ணுவதற்கு ஒரு கூடாரம் செய்யும்படி கடவுள் மோசேயிடம் சொன்னதாக யாத்திராகமம் கூறுகிறது. அந்தக் கூடாரம் உள்நோக்கிச் செல்லும் அமைப்புடையது: வெளிப்பிராகாரம், பரிசுத்த ஸ்தலம், திரைக்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலம். கடைசிப் பகுதிக்குள் தலைமைக் குரு மட்டும், ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் போகலாம். கூடாரம் முடிந்தபோது மேகம் அதை மூடியது. மோசேயாலும் உள்ளே நுழைய முடியவில்லை.

பிற்காலத்தில் சாலொமோன் எருசலேமில் ஆலயம் கட்டி அர்ப்பணித்தபோதும் அதே மேகம் நிறைந்தது. அன்று அவர் செய்த மன்றாட்டில் ஒரு வரியை ஒவ்வொரு ஆலயத்தின் வாசலிலும் எழுதி வைக்கலாம்: "வானங்களும், வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்?" மேகம் கண்ணெதிரே நிறைந்திருந்த நாளிலேயே, கடவுள் இதற்குள் அடங்கிவிட்டார் என்று நினைக்காதே என்று கட்டியவரே தமக்குச் சொல்லிக்கொள்கிறார். அந்த ஆலயம் கி.மு. 586 அளவில் பாபிலோனியரால் இடிக்கப்பட்டது. ஆலயம் போன பிறகும் கடவுள் போகவில்லை என்பதை, அந்நிய நாட்டில் அடிமைப்பட்டிருந்த காலத்தில் அந்த மக்கள் கற்றுக்கொண்டார்கள்.

இயேசு சிலுவையில் இறந்தபோது ஆலயத்தின் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது என்று நற்செய்தி சொல்கிறது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இதன் பொருளை விரிக்கிறது: ஆண்டுக்கொரு முறை ஒருவர் மட்டும் நுழைந்த இடத்துக்கு இப்போது எல்லாரும் தைரியத்துடன் வரலாம். ஆகவே கிறிஸ்தவ ஆராதனையில் கடவுளின் முன்னிலைக்கு வழி திறப்பது பாடகரும் அல்ல, போதகரும் அல்ல. அது ஏற்கெனவே திறந்திருக்கிறது.

பெட்டியைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனவர்கள்

பிரசன்னத்தை நம் கைக்குள் வைத்துக்கொள்ள முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு முதலாம் சாமுவேல் நூலின் நான்காம் அதிகாரம் கடுமையான சான்று. பகைவரான பெலிஸ்தரிடம் ஒருமுறை தோற்ற இஸ்ரவேலர், கடவுளின் பிரசன்னத்துக்கு அடையாளமாயிருந்த உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து பாளையத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டி வந்ததும் நிலம் அதிரும்படி எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள்; பகைவருக்கே அந்தச் சத்தம் கேட்டு அச்சம் வந்தது. வெளியிலிருந்து பார்த்திருந்தால், அன்றைக்குப் பிரசன்னம் பலமாக இருந்தது என்றுதான் நாமும் சொல்லியிருப்போம். மறுபடி போர் நடந்தது. 30,000 காலாட்கள் மடிந்தார்கள், பெட்டியையே பகைவர் தூக்கிச் சென்றார்கள். அந்த ஆர்ப்பரிப்பில் பக்தியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெட்டியோடு வந்த குருக்களின் வாழ்வு சீர்கெட்டிருந்தது. மக்கள் கடவுளிடம் கேட்காமல், அவரைப் பயன்படுத்த முயன்றார்கள்.

சத்தமே தவறு என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. எலியா தீர்க்கதரிசி ஓரேப் மலையில் நின்றபோது பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் இருக்கவில்லை, அதன்பின் வந்த மெல்லிய சத்தத்தில்தான் பேசினார் என்பதை அமைதியை விரும்புகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்: அங்கே கர்மேல் மலையில் அதே எலியாவுக்கு அதே கடவுள் நெருப்பினால்தான் பதில் கொடுத்தார். உரத்த பாடலும் ஒரு வழி இல்லை, ஆழ்ந்த மௌனமும் ஒரு வழி இல்லை, அதாவது கடவுளை வரச் செய்யும் வழி என்ற பொருளில். அவர் தமக்கு விருப்பமான விதத்தில் பேசுகிறார்.

துதிகளில் வாசமாயிருப்பவர்

"நாம் துதித்தால் அவர் வருவார், ஏனென்றால் அவர் துதிகளில் வாசம்பண்ணுகிறவர்" என்ற வாக்கியத்தை நம் பகுதிச் சபைகளில் கேட்காதவர் அரிது. இது 22-ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்திலிருந்து வருகிறது: "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்." அழகான வசனம், ஆனால் அதைத் தனியே பிடுங்கி எடுத்தால் பொருள் மாறிவிடுகிறது. அந்தச் சங்கீதத்தின் முதல் வரி, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இரண்டாம் வசனம், பகலில் கூப்பிட்டும் பதில் இல்லை, இரவில் கூப்பிட்டும் அமைதி இல்லை என்கிறது. அதற்குப் பிறகுதான் மூன்றாம் வசனம் வருகிறது.

கடவுளின் அருகாமையைச் சிறிதும் உணராத ஒருவர், உணராத நிலையிலேயே, அவர் பரிசுத்தர் என்றும் தம் முன்னோரின் துதிகளில் வீற்றிருந்தவர் என்றும் நினைவுகூருகிறார். துதி இங்கே அவரை வரவழைக்கும் கருவியாக இல்லை. இருட்டில் நின்றுகொண்டு அவரைப் பற்றிய உண்மையைச் சொல்லும் செயலாக இருக்கிறது. இயேசு சிலுவையில் தம் வாயில் எடுத்துக்கொண்டதும் இதே சங்கீதத்தின் முதல் வரிதான். கடவுளின் மகன் என்று கிறிஸ்தவர்கள் அறிக்கையிடுபவரே அந்த உணர்வின்மையைக் கடந்திருக்கிறார் என்றால், அது பாவத்துக்கோ அவிசுவாசத்துக்கோ அடையாளம் என்று யாரும் எளிதாகத் தீர்ப்பிடக் கூடாது.

உணர்வு எழுவது எப்படி?

பாடும்போது மெய்சிலிர்ப்பதற்கும் கண் கலங்குவதற்கும் உடல் சார்ந்த காரணங்கள் உண்டு. நீண்ட அடிகளைப் பாடும்போது மூச்சை நீளமாக விடுகிறோம். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். பலர் சேர்ந்து ஒரே அடியைப் பாடும்போது அவர்களுடைய மூச்சும் ஒன்றுபடுகிறது. 2013-இல் சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்திசை பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைப் பதிவு செய்தார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது, தாளம் படிப்படியாக விரைவது, சுருதி உயர்வது, கீபோர்டின் மெல்லிய ஒலி ஜெபத்தின் பின்னால் தொடர்வது ஆகியவையும் மனத்தை நெகிழச் செய்கின்றன. கச்சேரியிலும் இதே நெகிழ்வு நிகழும்.

இதைக் கேட்டுச் சிலர், அப்படியானால் எல்லாம் வெறும் உணர்ச்சிதான் என்பார்கள். இந்த முடிவும் தவறு என்றே கருதுகிறேன். நம்மை உடலோடு படைத்தவர் உடலின் வழியாகவும் நம்மைத் தொடலாம்; அழுகை வந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை, நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளலாம். நான் எச்சரிப்பது ஒன்றைத்தான்: உணர்வை அளவுகோலாக்காதீர்கள். மெய்சிலிர்ப்பு பிரசன்னத்தோடு சேர்ந்து வரலாம், இசையினால் மட்டும் வரலாம். அது வராமலே சந்திப்பும் நடக்கலாம். எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடர்களைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசு வழி நெடுக அவர்களோடு நடந்தார். அவர்கள் அவரை அறியவில்லை. அப்பத்தைப் பிட்டபோது அறிந்தார்கள். அறிந்த கணத்தில் அவர் மறைந்தார். தங்கள் இருதயம் வழியில் கொழுந்துவிட்டு எரிந்தது என்பதை அதன் பின்னரே உணர்ந்தார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், உணர்வு ஒரு கொடை. அது வந்ததைக் கொண்டு கடவுள் வந்தார் என்றும், வராததைக் கொண்டு அவர் வரவில்லை என்றும் கணக்கிட முடியாது.

ஆராதனையின் ஒழுங்கு செய்யும் வேலை

அப்படியானால் தேடுதல் என்று எதைச் சொல்கிறோம்? பேரன் எழுந்து இரண்டாங்கட்டுக்குப் போகிறான் அல்லவா, அந்த எழுந்து போதல்தான் ஆராதனை. கத்தோலிக்கத் திருப்பலியிலும் தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையிலும் இது ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நடக்கிறது: கடவுளின் பெயரால் கூடுகிறோம், பாவத்தை அறிக்கையிடுகிறோம், வேதத்தைக் கேட்கிறோம், திருவிருந்தில் பங்கேற்கிறோம், உலகத்துக்கு அனுப்பப்படுகிறோம். எழுதி வைத்த ஒழுங்கு இல்லாத பெந்தெகொஸ்தே சபைகளிலும் துதி, ஜெபம், சாட்சி, செய்தி, ஆசீர்வாதம் என்று ஒரு போக்கு உண்டு.

இவற்றில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது பாவ அறிக்கை. முகத்துக்கு முகம் பார்க்கத் தடையாக இருப்பது நம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் இடம் அது. காணிக்கையுடன் பலிபீடத்துக்கு வந்தபின், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் கடுமையானவர்: ஏழைகளை நசுக்குகிறவர்களின் பாட்டுகளை இரைச்சல் என்று கடவுள் தள்ளிவிடுவதாகவும், நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வர வேண்டும் என்றும் அவர் முழங்கினார். சொத்துப் பங்கீட்டில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் நம் ஊர்களில் எத்தனை பேர் ஒரே ஆலயத்தில் வலப்புறமும் இடப்புறமுமாக நின்று பாடுகிறார்கள் என்பதை நினைத்தால், பிரசன்னத்தைத் தேடுவதன் முதல் அடி எங்கே வைக்கப்பட வேண்டும் என்பது தெரியும்.

திருவிருந்தில், கத்தோலிக்கர் சொல்லும் நற்கருணையில், கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்பதில் திருச்சபைகள் வேறுபடுகின்றன. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. ஆகவேதான் பேழையின் அருகே விளக்கு எரிகிறது, நற்கருணை ஆராதனை நடக்கிறது. அப்பத்தோடு கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறது என்றார் 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர். தூய ஆவியின் வல்லமையால் நாம் அவரோடு இணைக்கப்படுகிறோம் என்றார் அதே நூற்றாண்டின் மற்றொரு சீர்திருத்தவாதியான கால்வின். முதன்மையாக அது நினைவுகூரல் என்றார் இன்னொரு சீர்திருத்தவாதியான சுவிங்லி. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் லூதரும் சுவிங்லியும் நேருக்கு நேர் பேசியும் இதில் உடன்படவில்லை. புதியவர் இந்த விவாதத்தில் இப்போதே இறங்கத் தேவையில்லை. உண்ணுகிறவரின் மனநிலை சந்திப்பை உண்டாக்குவதில்லை, அழைத்தவரின் வாக்கே உண்டாக்குகிறது என்ற அளவில் பெரும்பாலானோர் ஒத்துப்போகிறார்கள். 1963-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடும், கிறிஸ்து நற்கருணையில் சிறப்பாகவும், வாசிக்கப்படும் இறைவார்த்தையிலும், கூடிச் செபித்துப் பாடும் மக்கள் நடுவிலும் இருக்கிறார் என்று சொல்கிறது.

எங்கும் இருப்பவருக்காக ஓரியூருக்கு ஏன் போக வேண்டும்?

1693 பிப்ரவரி 4 அன்று இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டு இறந்த ஓரியூர், தேவகோட்டைப் பக்கத்து மக்களுக்கு அருகிலுள்ள திருத்தலம். அந்தச் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கடவுள் எங்கும் இருக்கிறார் என்றால் அங்கே போவது எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சமாரியப் பெண் இயேசுவிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதுவே: இந்த மலையிலா, எருசலேமிலா? இரண்டிலும் அடங்காத தொழுகையை, ஆவியோடும் உண்மையோடும் தொழுவதை, அவர் பதிலாகச் சொன்னார். ஆயினும் மனிதர் இடத்தில் வாழ்கிறவர்கள். நினைவு இடத்தைப் பற்றிக்கொள்கிறது. ஒருவர் உயிரைக் கொடுத்த மண்ணில் நிற்கும்போது நம் கவனம் கூர்மையாகிறது. கடவுள் அங்கே கூடுதலாக இருக்கிறார் என்று சொல்வதைவிட, நாம் அங்கே சற்றுக் கூடுதலாக விழித்திருக்கிறோம் என்பதே சரி. யாக்கோபு வழியோரத்தில் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தபோது சொன்னதும் அதுதான்: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்."

ஒன்றுமே உணராத நாட்கள்

ஆன்மிக வறட்சி என்பது, ஜெபத்தைக் கைவிடாத ஒருவருக்கு ஜெபத்தில் எந்த இனிமையும் தெரியாமற்போகும் காலம். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவை அருளப்பர் இதை இருண்ட இரவு என்றார். கடவுள் தரும் இன்பத்தைப் பற்றியிருந்த மனத்தை, தம்மையே பற்றும்படி கடவுள் பயிற்றுவிக்கும் காலமாக அதைக் கண்டார். கல்கத்தா அன்னை தெரசா தம் வாழ்வின் பல பத்தாண்டுகள் இந்த உணர்வின்மையில் இருந்தார் என்பது, அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோது உலகுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் அதிகாலையில் நற்கருணை முன் முழங்காலிட்டார், பிறகு தெருவில் கிடந்தவர்களிடம் போனார்.

இந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் "இன்னும் சத்தமாகத் துதியுங்கள்" என்று சொல்வது கொடுமை. 13-ஆம் சங்கீதத்தையோ 88-ஆம் சங்கீதத்தையோ அவரோடு சேர்ந்து வாசியுங்கள். முதலாவது, "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது, இரண்டாவது இருளைச் சொல்லியே முடிகிறது. இரண்டும் ஜெபங்கள், இரண்டையும் திருச்சபை நூற்றாண்டுகளாக வழிபாட்டில் வைத்திருக்கிறது. அவரால் பாட முடியாத ஞாயிறுகளில், பக்கத்தில் நிற்கிறவர்கள் அவருக்காகவும் பாடுகிறார்கள். சேர்ந்து ஆராதிப்பதன் பயன்களில் இது முக்கியமானது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஜெபத்தில் மட்டுமன்றி உணவிலும் உறக்கத்திலும் வேலையிலும் பிள்ளைகளிடத்திலும் ஈடுபாடு அற்றுப்போய், அது வாரக்கணக்கில் நீடித்தால், அதை ஆன்மிக வறட்சி என்று விட்டுவிடக் கூடாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. அருட்தந்தையிடமோ போதகரிடமோ பேசுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். வெளியே போக மனமில்லாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.